எண்பதில் நிற்கும் வண்டி

1

இந்தக் கதை ஒரு ஒயரில் தொடங்கியது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை கனவில் வருகிறது, ரயில் பயணத்தில் வருகிறது, சாவு வீட்டில் வருகிறது. எனக்கு வாய்த்தது மலையாள தேசத்தில், கரமனை அக்கிரகாரத் தெருவில் ஒரு ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே புறப்பட்டு, வாசல் கோலத்தைச் சுற்றிக்கொண்டு போய், வெள்ளைக் கார் ஒன்றின் விலாவில் நுழைந்திருந்த பச்சை ஒயர். கோலத்தின் மேல் பட்டுவிடக் கூடாதென்று அதை யாரோ இரண்டு ஓட்டுத் துண்டுகளின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். நான் பால் வாங்கப் போனவன். நின்று பார்த்துவிட்டுப் பால் வாங்காமலே திரும்பினேன். "ஒரு கதை கிடைச்சிருக்கு" என்றேன் வீட்டில். "அதைக் காய்ச்சினா காப்பிக்கு ஆகுமா?" என்று கேட்டாள் மனைவி.

அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் உண்மை தெரிந்துவிடும், அப்புறம் எழுத வராது. இனி வருகிறவர்கள் எல்லோரும் நானாகக் குடிவைத்தவர்கள்.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

மின்சாரம் என்பது கண்ணுக்குத் தெரியாத நதி, அதன் கரையில்— [வேண்டாம். என் வயதுக்கு இது நன்றாக இல்லை.]

ராமசுப்ரமணியன் வண்டியைப் பார்த்தார். வண்டி ராமசுப்ரமணியனை— [வேண்டாம். வண்டிக்குக் கண் வைத்தால் அடுத்து வாயும் வைக்க வேண்டி வரும்.]

இருநூற்று முப்பது எப்படி முந்நூற்று இருபதை நிரப்பும் என்பது ராமசுப்ரமணியனுக்குப் புரியவே இல்லை. [இது இருக்கட்டும். எனக்கும் புரியவில்லை என்பதால் இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.]

2

இருநூற்று முப்பது என்பது வீட்டு மின்சாரத்தின் வோல்ட். முந்நூற்று இருபது என்பது காரின் பேட்டரி வோல்ட். வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. ராமசுப்ரமணியன் குடிநீர்த் துறையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் ஓடுகிற எதையும் அவர் தண்ணீராகத்தான் பார்ப்பார். கீழே இருக்கிற தொட்டி மேலே இருக்கிற தொட்டியை நிரப்பாது. இதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

இதெல்லாம் வண்டி நூறு சதவீதம் ஏறிக்கொண்டிருந்தவரை அவருக்கு உறைக்கவில்லை. போன சித்திரையிலிருந்து அது எண்பதில் நிற்க ஆரம்பித்தது. சாயங்காலம் சொருகினால் காலையில் எண்பது. மத்தியானம் வரை விட்டு வைத்தாலும் எண்பது. அப்போதுதான் புத்தகத்தை எடுத்தார், இரண்டு எண்களையும் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். தெருவில் ஏ.சி. கூடிப்போச்சு, அழுத்தம் குறைஞ்சுபோச்சு, கோடைக்காலத்தில் மூணாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாத மாதிரி கடைசி இருபது ஏறமாட்டேன் என்கிறது: இதுதான் அவர் கண்டுபிடிப்பு. சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி ஆட்டோவில் கொண்டு வந்து இறக்கினார்.

"இது எதுக்கு? ஃப்ரிட்ஜுக்கா?" என்றாள் அவர் மனைவி ஜெயலக்ஷ்மி.

"வண்டிக்கு."

"ஏன்னா, எண்பது இருந்தா சுசீந்திரம் போயிட்டுத் திரும்பி வரலாமோன்னோ?"

"வரலாம்."

"மிச்சமும் இருக்குமோ?"

"இருக்கும்."

"பின்னே என்னவாக்கும் வருத்தம்?"

"வருத்தம் ஒண்ணுமில்லைடி. முன்னே நூறு வந்திண்டிருந்தது. முழுத்தொட்டி கட்டி வச்சிருக்கு, முக்கால்லே வந்து வால்வு சாத்திண்டா ஏன்னு கேக்க வேண்டாமா?"

ஸ்டெபிலைசரைப் பார்த்ததும் சிரிக்காமல் இருந்தவன் பிரபின் ஒருவன்தான். களியக்காவிளைப் பையன், கார் ஷோரூமில் சர்வீஸ் பார்க்கிறவன். பானெட்டைத் திறந்து உள்ளே ஒரு வெள்ளி நிறப் பெட்டியைத் தட்டிக் காட்டினான்.

"சாரே, வீட்டுக் கரண்டு நேரா பேட்டரிக்குப் போவாது. இதாக்கும் ஆன்போர்டு சார்ஜர். வீட்டுல வாறது ஏ.சி., பேட்டரிக்கு வேண்டியது டி.சி. இந்தப் பெட்டி அதை மாத்தி, வோல்ட்டையும் தூக்கி, உள்ள விடும். நீங்க மோட்டர் போட்டு மாடித் தொட்டிக்கு வெள்ளம் ஏத்த மாட்டீங்களா? அது மாதிரி."

"பம்பு!" என்றார் ராமசுப்ரமணியன். பல மாதச் சுமை இறங்கிய குரல். "பம்புன்னு ஒரு வார்த்தை புஸ்தகத்துல போடப்படாதோ?"*

"அப்போ எண்பதுல நிக்கறது?" என்று அவரே தொடர்ந்தார்.

"யாராவது லிமிட்டு வச்சிருப்பாங்க சாரே. போன்லயே வைக்கலாம்."

"என் போன்ல பொத்தான்தான் இருக்கு. இவ போன்ல கோலம்தான் இருக்கு. இந்த ஆத்துல வேற யாரு இருக்கா வைக்கறதுக்கு?"

பிரபின் ஜெயலக்ஷ்மியைப் பார்த்தான். ஜெயலக்ஷ்மி, பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள்.

(* நாம் ஒரு பேட்டரி என்று சொல்வது ஒன்றல்ல. தொண்ணூறு சொச்சம் சிறு அறைகள் வரிசையாகக் கோத்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்றரை வோல்ட். தனியாக எடுத்தால் ஒரு டார்ச் விளக்குக்குக் காணும், கூட்டினால் முந்நூற்று இருபது. வோல்ட் என்பது அழுத்தம், ஆம்பியர் என்பது ஓட்டம், இரண்டையும் பெருக்கினால் வாட். வீட்டிலுள்ள பதினைந்து ஆம்பியர் பிளக்கில் மூன்று கிலோவாட் சொச்சம்தான் கிடைக்கும். வண்டி ராத்திரி முழுக்கச் சாப்பிடுவது அதனால்தான். இவ்வளவையும் எனக்கு இரண்டு பேர் இரண்டு தடவை சொல்லிப் புரியவைத்தார்கள். பிழை இருந்தால் அவர்கள் விலாசத்தைத் தருகிறேன்.)

3

துப்பறியும் கதைக்காரர்களாக இருந்தால் அடுத்த விஷயத்தைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைப்பார்கள். நான் பிறந்தநாள் பரிசை முந்தின நாளே கொடுத்துவிடுகிற ஆள். சொல்லிவிடுகிறேன்: எண்பது என்று எல்லை வைத்தது ஸ்ரீலக்ஷ்மி. அவர்களுடைய ஒரே பெண்.

வண்டியைத் தேர்ந்தெடுத்தது அவள். பதிவு செய்தது அவள். கேட்ட இடத்திலெல்லாம் தன் போன் நம்பரைக் கொடுத்ததும் அவள்தான். வண்டிக்குள் ஒரு சிம் உண்டு. எவ்வளவு சார்ஜ், எப்போது சொருகினார்கள், எப்போது பிடுங்கினார்கள் எல்லாவற்றையும் அது அவள் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அங்கிருந்தே சார்ஜை நிறுத்தலாம், தொடங்கலாம்.

வண்டி வந்து மூன்று மாதத்தில் அவள் ஷாஜியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் இரண்டு பேரும் ஒரே கம்பெனி. ஷாஜியின் வீடு பாறசாலைப் பக்கம். அப்பா தாசையன், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அந்த வீட்டிலும் தமிழ்தான், ஜெபம்கூடத் தமிழில்தான். ராமசுப்ரமணியன் இதை ஓர் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. "இந்த ஆத்துக்கும் உனக்கும் இனிமே ஒண்ணுமில்லை" என்றார். ரேஷன் கார்டில் பெயரை நீக்கினார். அவளிடமிருந்த வாசல் சாவியைத் திருப்பி வாங்கினார். எல்லா இணைப்பையும் அறுத்தாகிவிட்டது என்று நினைத்தார். வண்டியை மறந்துவிட்டார்.

எண்பது எதற்கு? தினமும் நூறு வரை ஏற்றினால் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடுமாம். எண்பதில் நிறுத்தினால் ஆயுசு கூடுமாம். அவள் எங்கோ படித்திருக்கிறாள். பேட்டரியின் ஆயுசை மட்டும்தான் நினைத்தாளா என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதலாம். எழுதினால் நீங்கள் புத்தகத்தை மூடிவிடுவீர்கள்.

4

[அப்பாவும் பெண்ணும் சண்டை போட்ட காட்சி இங்கே இருந்தது. இரண்டு பக்கம். ராமசுப்ரமணியன் நன்றாகப் பேசினார், ஸ்ரீலக்ஷ்மி அதைவிட நன்றாகப் பேசினாள். வீட்டுச் சண்டையில் யாரும் அவ்வளவு நன்றாகப் பேசுவதில்லை. நீக்கிவிட்டேன்.]

ஜெயலக்ஷ்மிக்கு எவ்வளவு தெரியும் என்பதிலும் எனக்குத் தீர்மானம் இல்லை. முதல் வரைவில் அவளுக்கு ஒன்றும் தெரியாது; சுத்தப் பொய்யாக இருந்தது. இரண்டாவது வரைவில் பெண்ணோடு தினமும் போனில் பேசுகிறாள்; அப்படியானால் கதையே நடக்காது. மூன்றாவதில், பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகிற நாட்களில் மட்டும் பேசுகிறாள், தேங்காய்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டேன். ஆனால் அவளைக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

5

அன்றைக்குச் சாயங்காலம் சூரிய கிரகணம்.

மத்தியானமே ஜெயலக்ஷ்மி தயிரிலும் ஊறுகாயிலும் குடிதண்ணீர்க் குடத்திலும் தர்ப்பை போட்டுவிட்டாள். கையில் ஒன்று மிச்சம் இருந்தது.

"வண்டி மேலே போடட்டுமா?"

"அது இரும்புடி."

"நெய்யும் டின்லதான் இருக்கு."

கிரகணம் பிடிக்கிற நேரத்தில் ராமசுப்ரமணியன் குளித்து ஈர வேஷ்டியோடு கூடத்தில் ஜபத்துக்கு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் பச்சை ஒயர் தெரிந்தது. மூன்று மணிக்கு வண்டியைச் சொருகியவர் பிடுங்க மறந்துவிட்டார். ஊர் முழுக்கப் பட்டினி. வாசலில் அது மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

எஞ்சினியருக்கு இந்த நினைப்பே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து போனார்.

ஜன்னலை ஒட்டி வெளிச்சுவரில் இருந்தது, ஒயரின் நடுவே வருகிற சார்ஜர் பெட்டி. சார்ஜ் ஏறும்போது அதில் ஒரு பச்சை விளக்கு ஓடும். இப்போது ஓடவில்லை. சார்ஜ் நின்றிருந்தது. கரண்டு போய்விட்டதோ என்று உள்ளே எட்டிப் பார்த்தார், மின்விசிறி சுற்றியது. அடுத்த வீட்டு ஸ்ரீகண்டனைக் கூப்பிட்டார்.

"கரண்டா? இருக்கே மாமா. டிவியில கிரகணம் பாத்திண்டிருக்கோம்."

"வெளியில வந்தா நேரயே தெரியுமேடா."

"கிரகணத்தை நேரே பாக்கப்படாதோன்னோ மாமா?"

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஜபம் எங்கே விட்டது என்று நினைவில்லை. கிரகணம் விட்டு, தலைக்குக் குளித்து, சொட்டச் சொட்ட வாசலுக்கு வந்தபோது பச்சை விளக்கு மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.

வோல்ட் குறையும், கூடும். அது அவருக்குத் தெரியும். பஞ்சாங்கம் பார்த்துக் குறைகிற வோல்ட்டை அவர் சர்வீஸில் கண்டதில்லை.

அப்படியே நின்றார். எதிர்பாராமல் அவருக்கு ஒரு மீன்தொட்டி ஞாபகம் வந்தது. மூன்றாவது படிக்கிற பெண் ஒருத்தி அதன் மேல் தர்ப்பையை வைத்துவிட்டு, "அப்பா, மீனுக்குக் கிரகணம் விட்டாச்சுன்னு யாரு சொல்லுவா?" என்று கேட்டாள். "நீதான் சொல்லணும்" என்றிருந்தார்.

உள்ளே போய்ப் பிரபினைக் கூப்பிட்டார்.

"தன்னால நிக்காது சாரே. யாரோ போன்ல நிறுத்தி, அப்புறம் போன்லயே ஓட விட்டிருக்காங்க. யாரு பேருல ரெஜிஸ்டர் பண்ணீங்களோ அவங்க."

தரையில் சொட்டிய தண்ணீரை அவர் காலால் தேய்த்துவிட்டார்.

"எண்பது வச்சதும் அவங்கதான் பாத்துக்கிடுங்க. தினம் நூறு ஏத்துனா பேட்டரிக்குக் கேடு. வச்ச ஆளு விவரமான ஆளு சாரே."

"நம்பரை மாத்தணும்னா?"

"ஆதார் எடுத்துட்டுத் திங்கக்கெழம எட்டு மணிக்கு வாங்க, கூட்டம் இருக்காது. பத்து நிமிசத்துல மாத்தித் தாறேன். அதுக்கப்புறம் அந்தப் போன்ல வண்டி காட்டாது."

"ஒண்ணும் காட்டாதா?"

"ஒண்ணுமே காட்டாது சாரே. இப்பிடி ஒரு வண்டி உண்டுன்னே காட்டாது."

"வரேன்" என்றார் ராமசுப்ரமணியன்.

6

ஒரு தடவை நடந்ததை எஞ்சினியர்கள் நம்புவதில்லை. எந்த வால்வு எந்தத் தெருவுக்குப் போகிறது என்று தெரிய வேண்டுமானால் ஒன்றைத் திறந்து, எங்கே தண்ணீர் வருகிறது என்று பார்ப்பார்கள். ராமசுப்ரமணியன் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

[தெரியாதவர்களுக்கு: வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். அந்த நேரத்தில் அவர் இதுவரை ஒரு தபால்கூடப் பெட்டியில் போட்டதில்லை. ஸ்ரீலக்ஷ்மியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ராகுகாலம் முடியட்டும் என்று பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி வைத்ததில், அவளுக்குக் கடைசி பெஞ்சுதான் கிடைத்தது. அதை அவள் கல்லூரி முடிக்கிற வரை சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.]

"ஏன்னா! ராகுகாலம்!"

"தெரியும்."

"தெரிஞ்சேவா?"

"சித்த சும்மா இரு. டெஸ்ட் பண்றேன்."

சொருகினார். பச்சை விளக்கு ஓடத் தொடங்கியது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றார், பைப்லைன் மேற்பார்வைக்கு நிற்கிற மாதிரி. ஜெயலக்ஷ்மி வாசற்படியில் நின்றாள். ஒரு மீன்காரர் ஸ்கூட்டரில், இந்தத் தெருவில் வியாபாரம் இல்லை என்று தெரிந்தும், ஹார்ன் அடித்துக்கொண்டு போனார்.

விளக்கு நின்றது.

ஜெயலக்ஷ்மி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லை. வால்வு நன்னா வேலை செய்யறது."

"செய்யறது, செய்யறது. திங்கக்கிழமை மாத்திடறேன்" என்று உள்ளே போனார். பன்னிரண்டு அடித்ததும் விளக்கு மறுபடி ஓடியது. அப்போது அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை ஜெயலக்ஷ்மி கவனித்தாள். எதற்கு நின்றீர்கள் என்று கேட்டால், "எர்த் சரியா இருக்கான்னு பாத்தேன்" என்று சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.

இந்தக் கதையை விலகி நின்று சொல்வது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். விலகித்தான் நிற்கிறேன். எதிர்ச்சாரியில். அங்கிருந்தும் விளக்கு நன்றாகவே தெரிகிறது.

7

முடிவுகள். கையில் மூன்று இருக்கின்றன.

(அ) போகிறார், நம்பரை மாற்றுகிறார். வண்டி தினமும் நூறு ஏறுகிறது. அடுத்த கிரகணத்தின்போது பச்சை விளக்கு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. [நடக்கக்கூடியது. அதுதான் பயம்.]

(ஆ) போனை எடுத்து, "ஹலோ" என்கிறார். மறுமுனையில், "அப்பா—" [நிறுத்திவிட்டேன். பின்னணியில் வயலின் எனக்கே கேட்டது.]

(இ) ஸ்ரீலக்ஷ்மியும் ஷாஜியும் வாசலில் வந்து நிற்கிறார்கள். [இது ஜெயலக்ஷ்மியின் விருப்பம். இதற்கும் சேர்த்து ஒரு தேங்காய் உடைத்திருக்கிறாள். ஆனால் எழுதுவது நானா, அவளா?]

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை எட்டு மணி என்று பிரபினைச் சொல்ல வைத்தது நான்தான். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். போகாமலிருக்க அவருக்கு மரியாதையான ஒரு காரணம் கிடைக்கட்டும் என்று நான் செய்துவைத்த ஏற்பாடு. வெள்ளிக்கிழமை ராகுகாலத்தில் சொருகி, அவரே அதைக் கெடுத்துக்கொண்டார். கதாபாத்திரங்களுக்கு உதவி செய்யப் போனால் இப்படித்தான்.

சரி, திங்கட்கிழமை.

சட்டைப் பையில் ஆதார் நகல். கையில் சாவி. ராமசுப்ரமணியன் வாசலுக்கு வந்து பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி ஓட்டுத் துண்டின் மேல் வைத்தார். வண்டிக் கதவைத் திறந்து உட்கார்ந்து, சாவியைக்கூடப் போடாமல், முன்னால் எரிந்த எண்ணைப் பார்த்தார்.

நூறு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நூறுதான்.

இறங்கினார்.

"ஜெயா! நீ யார்கிட்டயாவது ஏதாவது சொன்னியா?"

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? நேத்திக்குக் கோவிலுக்குத்தான் போனேன்."

"எத்தனை தேங்கா?"

அவள் கோலத்தின் மேல் கிடந்த ஒரு சருகைப் பொறுக்கினாள்.

"நூறு வரலைன்னு நான் குதிக்கறேன்னு சொன்னியா, இல்லையா?"

"நீங்க குதிச்சேளோன்னோ? இப்போ வந்தாச்சோன்னோ? பின்னே என்ன?"

"பின்னே என்னவா?" அவருக்குக் குரல் ஏறியது. அடுத்த வீட்டில் ஸ்ரீகண்டன் டிவி சத்தத்தைக் குறைத்தான். "கேட்டா உடனே எடுத்துக் குடுத்துடறதா? தினம் நூறு ஏத்தினா பேட்டரி என்னத்துக்கு ஆகும்? உன் பொண்ணுக்கு அறிவு இருக்கா?"

உன் பொண்ணு என்ற வார்த்தை அந்த வாசலில் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சொன்னவருக்கே அது தெரிந்துவிட்டது. சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஜெயலக்ஷ்மி உள்ளே போனாள். போனை எடுத்துக்கொண்டு வந்தாள். திரையில் கோலம் இல்லை. பெயர் ஒன்று இருந்தது, அமுக்கினால் மணி அடிக்கும். அதை அவர் முன்னால் நீட்டினாள்.

"எனக்கு இந்த வோல்ட்டும் லிமிட்டும் ஒண்ணும் மனசிலாகாது. திட்டணும்னா நீங்களே நேரே திட்டுங்கோ. இல்லைன்னா புறப்படுங்கோ, எட்டு மணிக்கு அந்தப் பையன் காத்திண்டிருப்பான்."

ஒரு கையில் சாவி. இன்னொரு கை காலியாக இருக்கிறது. ராகுகாலம் தொடங்கியாகிவிட்டது, புறப்படவும் நேரம் சரியில்லை, பேசவும் நேரம் சரியில்லை.

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். என்னால் எண்பது வரைதான் முடியும், மீதியை ஏற்றினால் கதைக்குக் கேடு. இனி உங்கள் கையில். ஆனால் ரொம்ப யோசிக்காதீர்கள். போனை நீட்டிக்கொண்டு நிற்கிறவளுக்குக் கை வலிக்கும்.